தேடி வர ஆளில்லாதவர்கள்

"ஒரு நாள் சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போய்ச் சேரலைன்னா, யாரும்மா தேடுவாங்க?"

வேலை கேட்டுப் போன இடத்தில் முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய இறால் பதப்படுத்தும் தொழிற்சாலை அது. சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருடங்கள் இருந்தவள் நான். அங்கே ஆட்குறைப்பில் என்னையும் அனுப்பிவிட்டார்கள். அப்பா அம்மா இல்லை. கல்யாணம் நிலைக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த தம்பியோடு பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தது. செங்கல்பட்டில் தனியாக இருந்தேன்.

"அப்படி யாரும் இல்ல சார்" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். எனக்குக் காபி வரவழைத்தார். என் அனுபவத்தைப் பற்றி எதுவுமே கேட்காமல் அன்றே வேலை கொடுத்துவிட்டார்.

சிறுசேரியில் நாங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தாலும் ஆட்கள் நிற்கமாட்டார்கள். எதிர்க் கட்டடத்தில் கொஞ்சம் கூடக் கிடைத்தால் போய்விடுவார்கள். இங்கே யாருமே போகவில்லை. குளிரில் நின்றபடி இறால் உரிக்கும் பெண்கள் எல்லோரும் வருடக்கணக்காக இருந்தார்கள். பாதிப்பேருக்கு மேல் வளாகத்துக்குள்ளேயே இருந்த விடுதியில் தங்கியிருந்தார்கள். நல்ல நிர்வாகம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். அத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில் ஒரு போன்கூட அடிக்காது. சாப்பிட்டியா என்று கேட்க யாருக்கும் யாரும் இல்லை.

ஆள் எடுக்கும்போது முதலாளி என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். யார் வந்தாலும், வீட்டுக்குப் போய்ச் சேராவிட்டால் யார் தேடுவார்கள் என்ற அதே கேள்விதான் முதலில். ஒரு நாள் கைவேகம் தெரிந்த பெண் ஒருத்தி வந்தாள். முன்பே இந்த வேலை செய்தவள். அவளுடைய மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே காத்திருந்தாள். முதலாளி ஜன்னல் வழியாக அந்த இருவரையும் பார்த்தார். பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்லி அவளை அனுப்பிவிட்டார்.

"நல்லா வேலை தெரிஞ்ச பொண்ணு சார்" என்றேன்.

"இவங்கல்லாம் நிலைக்கமாட்டாங்கம்மா. ஒருத்திக்கு லேசா தலை சுத்திச்சுன்னா பத்து பேரு கேட்ல வந்து நிப்பாங்க."

அடிக்கடி லீவு கேட்பதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்றே அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த இன்னொருத்திக்கு வேலை கிடைத்தது. புருஷன் செத்துவிட்டான், பிள்ளைகள் இல்லை, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "படுக்க எடம் குடுப்பீங்களா மேடம்?" அதைக் கேட்டதும் முதலாளியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கொஞ்ச நாளிலேயே அவள் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்தக் கோல்ட் ரூமாண்ட போனாலே கண்ணு எரியுது. மூத்திர நாத்தம் மாதிரி இன்னாவோ அடிக்குதுக்கா" என்றாள் ஒரு நாள்.

போய்ப் பார்த்தேன். உள்ளே போனதும் தொண்டை அடைத்தது. குளிரூட்டும் குழாய்களில் ஓடும் அமோனியா எங்கேயோ கசிந்துகொண்டிருந்தது. முதலாளியிடம் சொன்னேன். பார்க்கச் சொல்கிறேன் என்றார். ஆள் வந்து குழாய்க்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனான். நாற்றம் போகவில்லை.

அங்கே வெகுகாலமாக இருந்த ஒரு பெரியம்மாவிடம், "நீங்கல்லாம் ஏன் வாயே தொறக்கறதில்ல?" என்று கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னாள். "சொல்லிட்டு எங்க போறது? வெளியே எனக்குன்னு யாரு கீறாங்க?"

முதலாளி அந்தக் கேள்வியை ஏன் எல்லோரிடமும் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னிடமும் கேட்டிருந்தார் என்பதும்.

மழைக்காலம். ஒரு முற்பகலில் குழாயின் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. கோல்ட் ரூம் கதவிலிருந்து வெள்ளைப் புகை சீறிக்கொண்டு வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடல் பக்கம் ஓடினார்கள். அச்சரப்பாக்கத்துக்காரி மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டாள். லாரி ஆட்கள் இரண்டு பேர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போய் அவளை இழுத்து வந்தார்கள். கண்கள் வீங்கி மூடியிருந்தன. ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி இழுத்தது.

வேனில் அவளோடு என்னை ஏற்றினார் சூப்பர்வைசர். "ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான்னு சொல்லிடுங்க மேடம். சார் சொல்லச் சொன்னாரு."

செங்கல்பட்டு வரும்வரை அவள் என் கையை விடவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்டார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"என்னாச்சு?"

"அமோனியா" என்றேன். எங்கே, எப்படி என்று எல்லாவற்றையும் சொன்னேன். போலீசுக்குத் தகவல் போனது.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. எப்போதும்போல இதமாகத்தான் பேசினார். "அவசரப்பட்டுட்டீங்களேம்மா. சரி, பரவாயில்ல. இப்ப வீட்டுக்குத்தானே போவீங்க? தனியாத்தானே இருப்பீங்க?"

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில், மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் நடுவே போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்தே தம்பியைக் கூப்பிட்டேன். முதலில் அவனுக்கு என் குரல் பிடிபடவில்லை. "தினமும் எனக்கு போன் பண்ணுடா. நான் எடுக்கலைன்னா உடனே போலீஸ்ல சொல்லு" என்றேன். அவன் காரணம் கேட்கவில்லை. அழுகிறாயா என்று மட்டும் கேட்டான்.

அதிகாரிகள் வந்தார்கள். தொழிற்சாலையைப் பூட்டினார்கள். கொஞ்ச நாளில் புதுக் குழாய் போட்டுத் திறந்துவிட்டார்கள். போக்கிடம் இல்லாத பெண்கள் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. அச்சரப்பாக்கத்துக்காரி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். மாடி ஏறினால் இரைக்கிறது. மழை அடித்தாலும் ஜன்னலை மூட விடமாட்டாள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெரியம்மாவைப் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"இப்ப நல்லாத்தான் கீது. புதுசு புதுசா பொண்ணுங்கள இட்டுகினு வராரு. நம்ம பக்கத்து ஆளுங்க இல்ல. ரெண்டு நாளு ரயில்ல வரணுமாம் அவங்க ஊரு. பாவம், அதுங்க பேசறது இங்க ஒருத்தருக்கும் புரியல."

அவளுடைய பஸ் வந்தது. முண்டியடித்து ஏறிவிட்டாள்.