வேண்டாவுக்கு ஒரு சுருக்குப் பை

மார்கரெட் இருந்தவரைக்கும் சதுரங்கப்பட்டினத்தில் அவள் தெருவை விட்டுக் குடிபோனவர்கள் யாரும் வெறுங்கையோடு போனதில்லை. கல்யாணமாகிப் போகிற பெண்ணோ, மாற்றலாகிப் போகிற குடும்பமோ, யாராக இருந்தாலும் வண்டி கிளம்பும்போது கையில் ஒரு சுருக்குப் பையைத் திணித்துவிடுவாள். உள்ளே தனித் துணி கொடுத்துத் தைத்த பை. கல்பாக்கம் குடியிருப்பில் வீடு வீடாகப் போய் ரவிக்கைத் துணி வாங்கிவந்து தைத்துத்தான் மகள் அன்பரசியை டிப்ளமோ படிக்கவைத்தாள். ரவிக்கைக்குக் கூலி உண்டு. பைக்கு வாங்கமாட்டாள்.

கடைசியாக அவள் வெட்டிய பை, பக்கத்து வீட்டு வேண்டாவுக்கு. வேண்டா மீன் விற்கிறவள். திருவொற்றியூரில் மகளோடு போய் இருப்பது என்று முடிவானதும் மார்கரெட் துணி எடுத்தாள். வெளிப்பக்கம் நீலக் கட்டம் போட்ட துணி. உள்பக்கம் பழைய குடைத் துணி; மீன் தண்ணீர் பட்டாலும் நோட்டு நனையக் கூடாதல்லவா? துண்டுகளை வெட்டி, குண்டூசி குத்தி, தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடியட்டும் என்று வேண்டா பயணத்தைத் தள்ளிப்போட்டாள். அதற்கு மேல் தள்ள மகள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது.

சனிக்கிழமை மத்தியானம் அன்பரசி மெஷினில் உட்கார்ந்தாள். பாபினில் அம்மா சுற்றிய நீல நூல் மிச்சம் இருந்தது. நேர்த்தையல் அவளுக்கு வரும். துணி இவ்வளவுதான், வேறு இல்லை என்பதும் தெரியும்.

அவள் வேலை கல்பாக்கத்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில், கசிவுச் சோதனை. பற்றவைத்த குழாய்களில் மயிரிழை அளவு வழி இருந்தாலும் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். பையையும் அப்படித்தான் தைத்தாள். கயிறு நுழைய அம்மா சாக்கட்டியால் குறித்திருந்த இரண்டு இடங்களை மட்டும் விட்டாள். மற்ற ஓரங்களில் இரட்டைத் தையல். வெளிப்பையையும் உள்பையையும் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து வாயைச் சுற்றி ஓட்டினாள். தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எங்கும் வெளிச்சம் வரவில்லை.

புரட்ட வேண்டும். நீலக் கட்டம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. எந்த வழியாகப் புரட்டுவது?

வேண்டா குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள்.

"இன்னாடி பண்ணிகினு கீற? எங்க என் பை? உங்கம்மா வாக்கு குட்துட்டு பூட்டா."

அன்பரசி காட்டினாள்.

"இன்னாடி இது, தலகாணியா?"

"பைதான் அத்த."

"எதுல கை வுடறது?" வேண்டா சிரித்தாள். "பெரிய பெரிய கொழாயெல்லாம் பாக்கற பொண்ணு! உங்கம்மா இருந்தா வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பா."

பிறகு சிரிப்பு நின்றது. கிண்ணத்தை வைத்துவிட்டு, மூட்டை கட்ட வேண்டும் என்று போய்விட்டாள்.

அன்பரசி ஆணியிலிருந்து தன் சாப்பாட்டுப் பையை எடுத்தாள். அம்மா தைத்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஸ்டாஃப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற பை. உள்துணியை வெளியே இழுத்தாள். அடியில் விரல் நீளத்துக்கு மட்டும் கைத்தையல். அதை அவள் பார்த்ததுண்டு. கிழிசல் தைத்தது என்று நினைத்திருந்தாள். கிழிசல் இல்லை. அந்த வழியாகத்தான் பை புரண்டு வெளியே வந்திருக்கிறது. வந்த பிறகு அம்மா கையால் மூடியிருக்கிறாள். அம்மாவுக்கு அந்த இடத்துக்குக் குறி தேவைப்பட்டதில்லை. குறி இல்லாத இடத்தில் வழி விட அன்பரசிக்குத் தெரியவில்லை.

பிளேடால் குடைத் துணியின் அடித்தையலைப் பிரித்தாள். துணி கிழியவில்லை. நீலக் கட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தாள். பேனா மூடியால் மூலைகளைக் குத்தி நிமிர்த்தினாள். பை வந்துவிட்டது. கயிறும் கோத்தாள்.

அடியில் விட்ட வழியை அன்று மாலையே மூடியிருக்கலாம். ஊசியில் நூல் கோத்துக் குத்தியும் வைத்தாள். மூடவில்லை. மூடினால் அம்மா ஆரம்பித்தது முடிந்துவிடும்.

மறுநாள் குட்டியானை வண்டியில் சாமான் ஏறியது. வேண்டா கையை நீட்டினாள். அன்பரசி கொடுத்தாள். வேண்டா உள்ளே கையை விட்டாள். விரல் அடியிலிருந்த வழியில் மாட்டியது; உள்துணியை வெளியே இழுத்தாள், கூடவே தொங்கும் ஊசியும் வந்தது.

"இன்னும் மூடலயா?"

அன்பரசி தொங்கிய ஊசியைப் பிடித்துக்கொண்டாள். வேண்டா அவளைப் பார்த்தாள். வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து பக்கத்தில் தட்டினாள். "குந்து. நான் புட்ச்சிக்கறேன், நீ போடு."

இரண்டு ஓரத்தையும் அவள் சேர்த்துப் பிடிக்க, அன்பரசி தைத்தாள்.

"யம்மா, வெயில் ஏறிகினு கீது," என்றார் டிரைவர்.

"ஏறட்டும். நாங்க இன்னா ஐஸ்ல வெச்ச மீனா, கெட்டுப் போக?"

முடிச்சுப் போட்டு நூலை அன்பரசி பல்லால் கடித்தாள். வேண்டா உள்துணியை உள்ளே தள்ளி, கயிற்றை இழுத்துச் சுருக்கி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உங்கம்மா தையலு இவ்ளோ கோணலா இருக்காது."

"தெரியும் அத்த."

"சரி, வேளைக்கு துன்னு," என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் ஏறினாள்.

வண்டி கோட்டைப் பக்கம் திரும்பி மறைந்தது. அன்பரசி வீட்டுக்குள் வந்தாள். மெஷின் மேல் அம்மா குத்தியிருந்த குண்டூசிகள் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பக்கத்து வீட்டில் சத்தம் எதுவும் இல்லை. அலமாரியில் வேண்டாவின் குழம்புக் கிண்ணம் இருந்தது, கழுவி வைத்துவிட்டுக் கொடுக்க மறந்தது.