அப்பாவின் காப்பியை எல்லாரும் புகழ்ந்த வாரம்

என் அப்பா ஐயாசாமிக்கு ஜொகூர் பாருவில் காப்பிக்கடை. ரயில் ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் நான்கு மேசை, பதினோரு நாற்காலி. பன்னிரண்டாவது நாற்காலியின் காலை நான்தான் பாதி அறுத்து வைத்தேன். அதில் கனமான ஒரு கங்காணி உட்கார்ந்தார். அதை விடுங்கள், இது அப்பாவைப் பற்றியது.

யாருக்காவது காப்பி வைத்தால் அப்பா உடனே நகர்ந்து போக மாட்டார். தோளில் துண்டோடு இரண்டடி தள்ளி நின்று, குடிப்பவரின் தொண்டையைப் பார்ப்பார். முகம் பொய் சொல்லும், தொண்டை சொல்லாது என்பது அவர் எண்ணம். காப்பி தடையில்லாமல் இறங்கினால் துண்டை எடுத்து மேசையைத் துடைப்பார். நடுவில் ஒரு நொடி நின்றுவிட்டால் அன்று பகல் அவருக்குச் சோறு இறங்காது. இப்படிப் பயந்துகொண்டே ஆறு வருஷம் கடை நடத்திய மனிதர் வேறு எங்கேயாவது உண்டா, எனக்குத் தெரியாது.

எங்கள் கடையில் காப்பி நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. தின்னும் பண்டத்தை வாய்விட்டுப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும், அடுத்த வடி கெட்டுவிடும். அதனால் திட்டித்தான் பாராட்டுவார்கள். ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் வீரமுத்து மாமா முதல் கிளாஸை முடித்ததும், "என்ன எழவுண்ணே இது, வாயில வைக்க முடியல. இன்னொன்னு ஊத்துங்க, அதாவது தேறுதான்னு பாப்போம்" என்பார். ரோடு போடும் அய்யாவு, "நாங்க காச்சுற தாரு இதைவிட ருசியா இருக்கும்லா" என்று சொல்லிவிட்டுக் கிளாஸின் அடியைத் தட்டித் தட்டிக் கடைசிச் சொட்டை நாக்கில் விட்டுக்கொள்வார். இந்தத் திட்டுகளைக் கேட்டால் அப்பாவின் முகத்தில் லேசாக ரத்தம் ஓடும்.

நான் சொல்லப்போவது 1932-இல் ஒரு வாரம். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, வேலை போனவர்களைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைக்கு வருகிறவர்களும் குறைந்திருந்தார்கள். அம்மா செல்லம் வீட்டில் இல்லை. சித்தி புஷ்பவள்ளிக்குப் பேறுகாலம் என்று பெக்கோக் தோட்டத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை, ஸ்டேஷனில் கணக்கு எழுதும் கிராணி ஸ்டானிஸ்லாஸ் காதில் பென்சிலோடு வந்து நின்றார்.

"ஐயாசாமி, மெயில் நிக்கிற பத்து நிமிஷம் பிளாட்பாரத்துல காப்பி விக்க ஒருத்தருக்கு பர்மிட் கொடுக்கப் போறாங்க. உம்ம பேரைச் சொல்லியிருக்கேன். சனிக்கிழமை ரயில்வே துரை வந்து பாப்பாரு. அதுக்குள்ள கடைக்கு வர்றவங்க இருபது பேர்கிட்ட காப்பியைப் பத்தி அபிப்பிராயம் எழுதி வாங்கி வையும். கைநாட்டு போதும்."

"கிடைக்கலைன்னா, கிராணி ஐயா?"

"இப்பத்தானே பேரையே கொடுத்திருக்கேன். அதுக்குள்ள கிடைக்கலைன்னாவா."

அவர் போனபின் அப்பா கழுவி வைத்த கிளாஸ்களையே மறுபடி கழுவினார். "இது கிடைக்கலைன்னா நாமளும் கப்பலுக்குப் பேர் கொடுத்துட வேண்டியதுதான், சந்திரா" என்றார். நான் பிறந்தது பெக்கோக்கில். அவர் ஊர் என்று சொல்லும் ஊரை நான் பார்த்ததே இல்லை.

எழுதும் வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள், எழுத்துக் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். மேசை மேசையாகப் போய், "காப்பி எப்படின்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். நல்ல நல்ல திட்டாகக் கிடைக்கும், அதைத் துரைக்கு எப்படி எழுதுவது என்று எனக்கு ஒரே கவலை.

"நல்லா இருக்குன்னு எழுதிக்க பாப்பா" என்றார் வீரமுத்து மாமா.

"தாரு மாதிரி இல்லையா?" என்று அய்யாவுவிடம் கேட்டேன்.

"சேச்சே. ரொம்ப நல்ல காப்பி" என்று மையைத் தேடினார்.

இருபது பேர், இருபது நல்ல காப்பி. ஒவ்வொரு கைநாட்டு விழும்போதும் அப்பாவின் முகம் ஒரு சுற்றுச் சிறுத்தது. கடைசியில் அடுப்படிக்கு வந்து என்னிடம் மெல்லச் சொன்னார்: "ரெண்டு வாரமாவே யாரும் திட்டல. ஏதோ கோளாறு இருக்கு. ஆனா தொண்டை எல்லாம் சரியாத்தான் எறங்குது."

செவ்வாய்க்கிழமையும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம், இல்லாவிட்டால் என் காதையாவது திருக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மத்தியானம் அவர் தமக்கென்று ஊற்றி வைத்த காப்பியில் இரண்டு கரண்டி உப்பைக் கலக்கிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்பா எடுத்தார். குடித்தார். முழுதும் குடித்தார். கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்தார்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

கோபத்தை அடக்கிக்கொண்டு என்னைத் தவிக்க விடுகிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் முகத்தில் அதெல்லாம் இல்லை. கிளாஸை எடுத்து விளிம்பை நக்கிப் பார்த்தேன். கடல் தண்ணீர்.

"அதுல உப்புப் போட்டிருந்தேம்பா."

"எவ்வளவு?"

"ரெண்டு கரண்டி."

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அடிக்கவில்லை. வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதினெட்டாம் வருஷம் பெக்கோக்குல ஒரு காய்ச்சல் வந்துச்சு. எங்க லயத்து வரிசை வீடுகள்ல பாதிப் பேரு எந்திரிக்கல. நான் எந்திரிச்சேன். ஆனா மூக்கும் நாக்கும் போயிடுச்சு. உப்பு, சீனி, மீனு, மல்லி, எல்லாம் எனக்கு ஒன்னுதான். உங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

விடியற்காலையில் முதல் வடி காப்பியை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுச் சாக்கடை ஓரம் துப்புவதை நான் பார்த்திருக்கிறேன். திருட்டுக் காப்பி குடிக்கிறாள் என்று நினைத்து, அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி எத்தனையோ கடலை உருண்டை வாங்கித் தின்றிருக்கிறேன். அவள் ஒரு தரம்கூட வாயைத் திறந்ததில்லை.

"அம்மா போன பிறகு யார் ருசி பாத்தது?"

"யாருமில்ல. நெறம் பாத்து வறுத்தேன். தொண்டை பாத்து ஊத்தினேன்." கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாத. நாக்கு இல்லாதவன் கடையில எவன் வந்து குடிப்பான்."

நான் ருசி பார்க்கிறேன் என்று ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன். எனக்குக் காப்பி என்றாலே பிடிக்காது. மணம் வீசினாலும் நாறினாலும் எனக்கு அது ஒரே கசப்பு. கடைக்குள்ளேயே வளர்ந்த மூக்கு வேறு. அப்பா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலப்பா" என்றேன். அம்மாவை வரச் சொல்லவும் வழியில்லை, சித்திக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. குடிக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களோ புகழ்ந்து கைநாட்டு வைத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். கேட்டால் சொல்ல மாட்டார்கள், மாட்டிவிட்டால் சொல்வார்கள். வியாழக்கிழமை காலை வீரமுத்து மாமாவின் மேசைக்குப் போய்க் காகிதத்தைப் பிரித்து, அதில் இல்லாததைப் படித்தேன்.

"மாமா, நீங்க கைநாட்டு வெச்சதை ஒரு தரம் படிச்சுக் காட்டச் சொன்னாரு கிராணி. 'வீரமுத்து ஆகிய நான், சனிக்கிழமை காலை துரை அவர்கள் முன்னிலையில் இந்தக் காப்பியை மூன்று கிளாஸ் குடித்துக் காட்டச் சம்மதிக்கிறேன்.'"

வீரமுத்து மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "மூணா?"

"மூணு. நடுவுல தண்ணி குடிக்கக் கூடாதாம்."

"அலமாக்" என்றார் ஐயோ என்பது போல, மிக மெதுவாக. "ஒன்னுன்னு மாத்திக்க முடியாதா பாப்பா?"

"துரை உத்தரவு மாமா."

பக்கத்து மேசையிலிருந்து அய்யாவு எட்டிப் பார்த்தார். "எனக்கும் மூணா?"

"நீங்க வெயில்ல வேலை செய்யிறவரு. உங்களுக்கு நாலு."

"நாலு குடிச்சா நான் ஞாயித்துக்கிழமையைப் பாக்க மாட்டேன்" என்றார் அய்யாவு.

வீரமுத்து மாமா அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "உங்கப்பா காதுல விழ வேணாம். கொட்டை வறுக்கறப்ப போடுற வெண்ணெய் கெட்டுப்போச்சு. சிக்கு வாடை அடிக்குது. ரெண்டு வாரமா நாங்க மூச்சை அடக்கிக்கிட்டு ஒரே இழுப்பா இழுத்துடுறோம்."

தொண்டைகள் ஏன் அவ்வளவு சரியாக இறங்கின என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அப்ப ஏன் நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"செல்லம் அக்கா வீட்டுல இல்ல. மனுஷன் ஒத்தையில அல்லாடுறாரு. ஊரே கப்பல் ஏறுது. இதுல நாங்க வேற போட்டு மிதிக்கணுமா." கிளாஸைச் சுற்றிவிட்டார். "காப்பி நல்லா இருந்தாத்தான் திட்ட மனசு வரும் பாப்பா. கெட்டுப்போனதை எப்படித் திட்டுறது?"

நான் நிமிர்ந்தபோது அப்பா பின்னால் நின்றிருந்தார். கையில் துண்டு இல்லை. வாசலில் கிராணி ஸ்டானிஸ்லாஸ் காகிதத்தை வாங்கிப்போக வந்து நின்றிருந்தார். அப்பா அவரையும் பார்த்தார். எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"வீரமுத்து சொல்றது உண்மையாத்தான் இருக்கும்" என்றார். "எனக்குத் தெரியல. எனக்கு மூக்கும் நாக்கும் இல்ல, பதினாலு வருஷமா. செல்லம்தான் பாத்துச் சொல்லுவா. கிராணி ஐயாவும் கேட்டுக்கட்டும்."

கிராணி என் கையிலிருந்த காகிதத்தை எடுத்தார், நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், காப்பி கேட்காமலே போய்விட்டார்.

நாற்காலிக் காலை அறுத்ததற்கு ஒரு கங்காணி விழுந்தார். இப்போது நான் செய்த வேலையில் ஒரு குடும்பமே விழப்போகிறது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அந்த வெண்ணெய் டின்னைத் தேடி எடுத்தோம். மூடி உப்பியிருந்தது. அம்மா என்றால் திறந்ததும் முகர்ந்து பார்த்து வீசியிருப்பாள். மீதித் தூளையெல்லாம் அப்பா சாக்கடையில் கொட்டினார். வீரமுத்து மாமா புது டின் ஒன்றைக் கொண்டுவந்து, தானே திறந்து, மூக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். கொல்லையில் பெரிய இரும்புச் சட்டியை ஏற்றி அப்பா கொட்டையைச் சீனியோடு வறுக்க, ஐந்தாறு பேர் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இப்ப வெண்ணெய் போடுங்கண்ணே."

"அவசரப்படாதீங்க, இன்னும் பச்சை வாடை போகல."

"சீனி கருகுது, சீனி கருகுது."

"உன் மூக்குத்தான் கருகுது. தாரை மோந்து மோந்து என்ன தெரியும் ஒனக்கு."

ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா கரண்டியை நிறுத்திவிட்டு, "யாராவது ஒருத்தர் மட்டும் சொல்லுங்கய்யா" என்றார், அழுகிறவர் போல. பிறகு வீரமுத்து மாமா மட்டும் பேசினார். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள்.

சனிக்கிழமை துரை வருவதற்குக் கால் மணி முன்னால் கிராணி வந்தார். காகிதத்தைப் பிரித்து அப்பாவிடம் நீட்டினார். இருபது கைநாட்டுக்கும் கீழே இங்கிலீஷில் அவர் கையெழுத்தில் நாலு வரி புதிதாக இருந்தது.

"இருபது பேரும் ஒரே மாதிரி புகழ்ந்தா எந்தத் துரையும் நம்ப மாட்டான்" என்றார். "அதனால என் அபிப்பிராயத்தையும் எழுதிட்டேன். ரெண்டு வாரம் காப்பி கெட்டிருந்துச்சு, சொன்ன மறுநாளே இவரு அத்தனையும் கொட்டிட்டுப் புதுசா வறுத்தாருன்னு."

"நாக்கு விஷயம்?" என்றார் அப்பா.

"அதை எழுதல. என்கிட்ட கேட்டது காப்பியைப் பத்தி."

துரை வந்தார். நின்றபடியே காகிதத்தை வாசித்தார். கடைசி நாலு வரியை இரண்டு தரம் வாசித்த மாதிரி எனக்குத் தோன்றியது. கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி திரும்பி, "கெட்டுப்போனது உண்மையான்னு கேக்குறாரு" என்றார்.

"உண்மைதான் துரை" என்றார் அப்பா.

துரை கிளாஸ் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காப்பி வடிகட்டும் துணிப்பை தொங்கும் கம்பியைப் பார்த்தார். என் நகத்தைக்கூடப் பார்த்தார், நல்லவேளை அன்று வெட்டியிருந்தேன். அப்பா ஊற்றி வைத்த காப்பி ஆவி பறந்துகொண்டு மேசையில் இருந்தது. துரை அதைத் தொடவில்லை. தாம் டீதான் குடிப்பது என்று கிராணியிடம் சொல்லிவிட்டு, மேசை ஓரத்திலேயே பர்மிட்டில் கையெழுத்துப் போட்டுப் போனார்.

அப்பா நெடுநேரம் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாய்கூடக் குடிக்கலியே" என்றார். எங்களுக்குக் கப்பல் இல்லை என்பது அவருக்கு உறைக்கவே சாயங்காலம் ஆயிற்று.

திங்கட்கிழமை மெயில் வந்தது. நானும் அப்பாவும் தட்டோடு ஜன்னல் ஜன்னலாக ஓடினோம். பத்து நிமிஷம் என்பது எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது. கைகள் நீண்டன, கிளாஸ்கள் போயின, காலியாகத் திரும்பின. யார் குடித்தார், எப்படிக் குடித்தார் என்று ஒன்றும் பார்க்க முடியவில்லை. விசில் ஊதியதும் வண்டி சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. கடைசிப் பெட்டியில் ஒரு அம்மாளிடம் சிக்கிய கிளாஸுக்காக நான் பிளாட்பாரத்தின் முனைவரை ஓடி வாங்கி வந்தேன்.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். "அந்த அம்மா என்ன சொன்னாங்க? மறைக்காம சொல்லு."

"சீனி ஜாஸ்தின்னாங்க. மீதியை ஜன்னல் வழியா கொட்டிட்டாங்கப்பா."

"எவ்வளவு குடிச்சாங்க?"

"முக்காவாசி."

அப்பா தலையை ஆட்டினார். சீனி டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். "நாளைக்கு அரைக் கரண்டி கொறைச்சுப் போடு. அப்புறம் யாராவது ஒருத்தர்கிட்ட ஓடிப் போய்க் கேளு."