ரோமாபுரிப் பாடமும் எங்கள் நாற்காலிகளும்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. வேங்கிக்காலில் புதிதாக முளைத்த குடியிருப்புகளை நம்பித் தொடங்கப்பட்ட ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் நான் வரலாற்று ஆசிரியையாக இருந்தேன். அடி அண்ணாமலையில் நெல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வரலாறு படித்தால் வேலை கிடைக்காது என்று உறவில் எல்லோரும் சொன்னதைக் கேட்காமல் படித்தவள். அதனாலேயே கிடைத்த வேலையை விட்டுவிடக் கூடாது என்ற பிடிவாதம் எனக்கு ஜாஸ்தி.

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வகுப்புகளில் ஆசிரியர் நாற்காலிகள் இல்லை. உட்கார்ந்தால் சோம்பல் வருகிறது என்று தாளாளர் எல்லாவற்றையும் மாடி அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். நாங்கள் எட்டுப் பேர், எல்லோரும் பெண்கள். காலையிலிருந்து மாலை வரை நின்றே பாடம் எடுத்தோம். கணக்கு டீச்சர் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. சுவரில் சாய்ந்து நின்றதற்கே அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு ரோமானியர் பாடம் வந்தது. ஆற்றங்கரைக் குன்றுகளில் ஆடு மேய்த்தவர்களும் உழுதவர்களும் சேர்ந்து ஊரானார்கள், அரசர்களை விரட்டினார்கள், குடியரசு அமைத்தார்கள். பதவியெல்லாம் சில பழைய குடும்பங்களுக்கு, போருக்குப் போவது மட்டும் உழுதவர்களுக்கு. சாமானிய மக்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒரே வரிதான் இருந்தது. அது எனக்குப் போதவில்லை. கல்லூரியில் படித்ததைச் சொன்னேன். ஒரு நாள் அந்த மக்கள் சண்டைக்குப் போகவில்லை. ஊரை விட்டு வெளியேறி ஒரு மலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். யாரையும் அடிக்கவில்லை. அவர்கள் இல்லாமல் ஊர் நடக்காது என்று தெரிந்ததும் பெரிய குடும்பத்தார் பேச ஆள் அனுப்பினார்கள். சாமானியர்களுக்காகப் பேச அவர்களிலிருந்தே ஆட்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அந்தப் பிரதிநிதிகள் மேல் கை வைப்பது பெருங்குற்றம் என்று ஆனது.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மலையில ஒக்காந்து இன்னா பண்ணாங்க மிஸ்?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா ஒக்காந்தாங்க."

சொல்லும்போதே என் கெண்டைக்கால் நரம்பு இழுத்தது. பதில் சொல்லி முடித்த பிறகும் 'ஒக்காந்தாங்க' என்ற அந்தச் சொல் எனக்குள்ளேயே நின்றது.

மறுநாள் கணக்கு டீச்சர் கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினோம். அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் மற்ற ஆறு பேரிடமும் என் யோசனையைச் சொன்னேன். பயமாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் பயம்தான் என்றேன்.

அடுத்த நாள் பிரார்த்தனை முடிந்ததும் எட்டுப் பேரும் வகுப்புக்குப் போகாமல் மைதானத்து மணலில் உட்கார்ந்தோம். கணக்கு டீச்சரும் வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

தாளாளர் வந்தார். விளம்பரம் கொடுத்தால் நாளைக்கே வேறு எட்டுப் பேர் வருவார்கள் என்றார். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் வீட்டு நிலை எனக்குத் தெரியும். இன்றுவரை அவர்களைக் குறை சொன்னதில்லை. மற்றவர்கள் அசையவில்லை. வகுப்புகளிலிருந்து இரைச்சல் கிளம்பியது. மதியம் சாப்பாட்டுக் கூடையுடன் வந்த பெற்றோர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று அலுவலகத்தில் கேட்க ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு தலைமையாசிரியை வெளியே வந்தார். கர்ப்பிணிக்கு மட்டும் நாற்காலி போடச் சொல்லிவிட்டார்கள், மற்றவர்கள் எழுந்து வாருங்கள் என்றார். நாங்கள் கணக்கு டீச்சரைப் பார்த்தோம். அவர் வயிற்றின் மேல் கை வைத்தபடி நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு மட்டும் வேணாங்க. எல்லாருக்கும் போடுங்க, வர்றோம்."

கடைசி பீரியடுக்கு முன்னால் மாடிக் கதவு திறந்தது. நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து இறக்கியது பள்ளி ஆயா. அவருக்கு எந்தக் காலத்திலும் உட்கார நாற்காலி இருந்ததில்லை. மைதானத்துக்கு அவரைக் கூப்பிட வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவுமில்லை. ரோமில் அந்த மலைக்குப் போனவர்களும் அடிமைகளை நினைத்திருக்க மாட்டார்கள் என்று பாடத்தில் நான் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் அதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஆண்டு முடிவில் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். பாடத்தில் இல்லாததை நடத்தியதற்கும் மற்றவர்களைத் தூண்டிவிட்டதற்கும் மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் அடுத்த வருடமும் வேலை உண்டு என்றார்.

"நான் தப்பு பண்ணல சார். ஒக்காந்தேன், அவ்ளோதான்."

வேலை போனது. எழுதிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டுவிட்டு அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நிலத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, செய்யாத தப்புக்கு நான் ஏன் எழுத வேண்டும் என்று நானே பேச்சைத் தொடங்கினேன். அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த மே மாதம் மூன்று பள்ளிகளுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று மூன்றிலும் கேட்டார்கள். நடந்ததை அப்படியே சொன்னேன். முதல் இரண்டு இடங்களில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மூன்றாவது பள்ளியின் தலைமையாசிரியை முழுவதையும் கேட்டுவிட்டு, எந்தெந்த வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டார்.