அலமாரிக்கு ஒரு பிராசஸர்

கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காமல் போன முதல் விஷயம், எங்கள் படுக்கையறை மர அலமாரிக்குள் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பு. நான் கோயம்புத்தூர்க்காரி. ஆள் இல்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அணைக்க வேண்டும் என்று திட்டுவாங்கி வளர்ந்தவள். அலமாரியின் முதுகில் ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே இழுத்து, கீழ்த்தட்டில் ஒரு நாற்பது வாட் பல்பைப் பொருத்தியிருந்தார்கள். யாரோ மறந்துவிட்டார்கள் என்று காலையில் அணைப்பேன். மத்தியானம் திறந்தால் மறுபடி எரியும். கொஞ்ச நாள் நானும் என் கணவரும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் அந்த ஸ்விட்சோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தோம்.

பிறகு ஒருநாள் அவர் என் முகூர்த்தப் பட்டுப்புடவையை அலமாரியிலிருந்து எடுத்து என் கன்னத்தில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. இந்த ஊரில் ஆடியில் பிடிக்கும் ஈரம் மார்கழி வரை விடாது, பல்பு எரியாத அலமாரியில் பட்டுக்கும் செருப்புக்கும் ஒரே மாதிரி பூஞ்சை பூக்கும் என்று ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கத்திலேயே நான் கொஞ்சம் மயங்கிப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். புதுப் பெண்டாட்டியிடம் பூஞ்சையைப் பற்றி அவ்வளவு ஆசையாகப் பேசிய ஆள் வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை.

பேச்சுதான் அவர். டீ ஃபேக்டரி ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கம்ப்யூட்டரைத் திறந்தால் அதோடும் பேசுவார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டிருக்கிறார்கள். மகள் பிறந்த பிறகு உள்ளங்கையில் அடங்கும் ஒரு வீடியோ கேமரா வாங்கினார். அதற்குள் போடும் கேசட் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தெப்பக்காட்டு யானை முகாமில் யானைகளுக்கு ராகிக் களி உருட்டிக் கொடுப்பது, மகள் பள்ளிக்கூட விழாவில் கேரட்டாக வேஷம் போட்டது, நான் மாடிப்படியில் உட்கார்ந்து தலை காய வைப்பது, எல்லாவற்றையும் எடுத்தார். எடுப்பவர் என்பதால் எந்தப் படத்திலும் அவர் இருக்க மாட்டார். ஆனால் எல்லாப் படத்திலும் அவர் குரல் இருக்கும். கிரிக்கெட் வர்ணனை மாதிரி விடாமல் ஓடும். கேசட்டுகளை அந்த அலமாரியின் நடுத்தட்டில், பல்பின் சூடு நன்றாக ஏறும் இடத்தில் அடுக்கி வைத்தோம். பட்டுப்புடவையைவிடக் கேசட்டுக்குத்தான் அங்கே மரியாதை அதிகம்.

அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போய், கால் மட்டும் ஓரளவு திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரியும். பதில்தான் வராது. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது: ஆமா. சாப்பாடு வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. கோபத்துக்கு ஒரு ஆமா, தூக்கத்துக்கு ஒரு ஆமா. நான் முகத்தைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். பல சமயம் தப்பாகத்தான் கண்டுபிடித்தேன்.

ஒருநாள் சமையல் செய்துகொண்டிருந்தபோது, அவர் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. என்ன சொல்வார் என்பது ஞாபகம் இருந்தது. எப்படிச் சொல்வார் என்பது நழுவிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். கேசட்டுகளை வெளியே எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால், உள்ளே நாடாவின் ஓரத்தில் கோலப்பொடி தூவின மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒன்றிரண்டில் அல்ல, எல்லாவற்றிலும். அந்த வருஷம் மழை அதிகம், அதனால்தான் என்று மழையைத் திட்டினேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், கோயம்புத்தூரில் கேசட் சுத்தம் செய்கிற ஒரு கடையை விசாரித்துச் சொன்னாள். அந்தக் கடைக்காரர் போனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஈரத்தோடு இருக்கிற கேசட்டைத் தொடமாட்டேன், கேமராவில் போட்டு ஓட்டியும் பார்க்காதீர்கள், நாடா சிக்கிக் கிழிந்துவிடும். முதலில் உலர வேண்டும். வெயில் ஆகாது, அடுப்புச் சூடு ஆகாது. மெதுவாக, மாதக்கணக்கில் உலர வேண்டும். அதன் பிறகு சுத்தம் செய்து தருவார். நாங்கள் வீட்டில் கேமராவில் ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்.

எதில் ஏற்றுவது என்பதில்தான் சர்வர் பேச்சு வந்தது. பூஞ்சை பிடிப்பதற்கு முன்னால் அவர் நாலைந்து கேசட்டை ஏற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று, ஒரு மழைக்காலம் மேஜை டிராயரில் கிடந்து செத்துப் போயிருந்தது. இணையத்தில் ஏற்றி வைக்கலாம் என்றால், எங்கள் சரிவில் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்தால் இரண்டு நாளைக்கு நெட் இருக்காது. அதனால் வீட்டிலேயே ஒரு சர்வர், அதாவது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதில் இரண்டு டிஸ்க், ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஒன்று போனாலும் அவர் குரல் போகாது. டிவியில் பார்க்கலாம், மகள் அங்கிருந்தும் பார்க்கலாம். பென்ஷனில் புதிதாக வாங்க முடியாது, பழைய பாகங்களைச் சேர்த்து நாமே கட்டிக்கொள்ளலாம் என்றாள் மகள். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியே காலத்தை ஓட்டின என்னிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் வேறு வழி எதுவும் தெரியவில்லை.

டிஸ்க் முடிவாயிற்று, பெட்டி முடிவாயிற்று. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர்தான் முடிவாகவில்லை. மகள் மூன்று படங்களை அனுப்பினாள். முதலாவது, போர்டோடு சேர்ந்தே வரும் குட்டி பிராசஸர். இரவு விளக்கு அளவுக்குத்தான் கரண்ட் குடிக்கும். தொட்டால் சில்லென்று இருக்கும். இரண்டாவது, கொஞ்சம் பெரிது, சூடும் நடுத்தரம். மூன்றாவது, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் மேஜைகளில் இருந்த நாலு கோர் பிராசஸர். எல்லாரும் தூக்கிப்போட்டதால் விலை கொள்ளை மலிவு. சும்மா இருக்கும்போதே கரண்ட் குடித்துச் சூடாகும். அதை ஒப்புக்குத்தான் சேர்த்திருந்தாள்.

"அம்மா, ராப்பகலா ஓடப்போகுது. கம்மியாக் கரண்ட் குடிக்கறதப் பாரு. சூடாகாம இருக்கோணும், அதான் முக்கியம்" என்றாள் போனில்.

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாருமே அதைத்தான் சொன்னார்கள். சூட்டை எப்படிக் குறைப்பது, எந்த ஃபேன் போடுவது, வெயில் காலத்தில் எங்கே வைப்பது. அவர்கள் ஊரில் வெயில் காலம் என்று ஒன்று இருந்தது.

ஆனாலும் வாழ்நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு புழங்கின மனிதர் வீட்டில் இருக்கும்போது நானும் மகளுமே பேசி முடிப்பது எனக்கு மனசாகவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மூன்று படங்களையும் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். வெளியே பனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. முதலாவதைக் காட்டி இதா என்றேன். ஆமா என்றார். இரண்டாவதைக் காட்டினேன். ஆமா. மூன்றாவது. ஆமா. எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மெதுவாகப் படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். உள்ளே பளிச்சென்று வெள்ளை வெளிச்சம். சில வருஷத்துக்கு முன்னால் குண்டு பல்பு ஃப்யூஸ் ஆனபோது, மார்க்கெட் கடைகளில் குண்டு பல்பு வருவது நின்றுவிட்டதால், அவரே வாங்கி மாட்டின எல்.இ.டி. பல்பு. இதிலே வெளிச்சம் ஜாஸ்தி, கரண்ட் கம்மி என்று அன்றைக்கு அதற்கும் ஒரு சொற்பொழிவு நடந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் மாற்றினார்கள். இப்போது அவர் என் கையைப் பிடித்து அந்தப் பல்பின் மேல் வைத்தார். சூடே இல்லை. மேஜை மாதிரி, சுவர் மாதிரி, வெறுமனே இருந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் அலமாரிக்கு வெளிச்சம் எதற்கு? இருட்டில் கேசட் என்ன பயப்படவா போகிறது? தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் அலமாரிக்குள் பல்பு எரித்தவர்கள் நாங்கள். எதற்காக எரித்தோம் என்பதையே மறந்து, நல்ல பல்பு வந்துவிட்டது என்று மாற்றியிருந்தோம். மழையின் மேல் ஒரு தப்பும் இல்லை.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, இடது கை விரலை மூன்றாவது படத்தின் மேல் ஊன்றினார். அந்தச் சூடு பிடித்த கிழட்டு பிராசஸரின் மேல்.

"ஆமா" என்றார்.

அந்த ஆமாவுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சர்வர் எப்படியும் ராப்பகலாக ஓடத்தான் போகிறது. அதை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தால் அதன் சூடு சும்மா மேலே ஏறும். நடுத்தட்டில் கேசட்டுகள் உலரும். மகளுக்குப் போன் செய்து சொன்னேன். சர்வர் வைக்கிற இடத்தில் சூடு வேண்டும் என்று கேட்கிற ஆள் உலகத்திலேயே நீங்கள் இரண்டு பேர்தான் என்றாள். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, அப்பாவா சொன்னார் என்று கேட்டாள். ஆமாம், அப்பாதான் சொன்னார் என்றேன். 'சொன்னார்' என்ற சொல்லை அவரைப் பற்றிச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அப்போது தோன்றியது. அழுகை வந்துவிட்டது.

பிராசஸர் வாங்க நானே கோயம்புத்தூருக்கு இறங்கினேன். பழைய பாகங்கள் விற்கும் கடையில் இதே பிராசஸரில் எது நன்றாகச் சூடாகும் என்று கேட்டேன்.

"ஏனுங்க்கா, எல்லாரும் சூடாகாததத்தான் கேட்டு வருவாங்க. உங்களுக்கு எதுக்குங்க இது?" என்றார் கடைக்காரர்.

அலமாரிக்கு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். மலையிலிருந்து வருகிறவர்களின் கிறுக்குத்தனம் அவருக்குப் பழகியிருக்க வேண்டும்.

வீட்டில் மகள் வீடியோ காலில் சொல்லச் சொல்ல நான் மாட்டினேன். பிராசஸரைப் போர்டில் உட்கார வைக்கும்போது மட்டும் தயங்கி நின்றேன். கீழே மெல்லிய ஊசிகள், வளைத்துவிட்டால் எல்லாம் போச்சு. அவர் பக்கத்தில் வந்து, என் கையிலிருந்து அதை இடது கையால் வாங்கி, மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைப் பார்த்துத் திருப்பி, அப்படியே விட்டார். அது தானாகப் போய் உட்கார்ந்தது. மகள் போனுக்குள்ளிருந்து கைதட்டினாள். அவர் முகத்தில் ஆபீஸ் நாட்களின் ஒரு மிடுக்கு வந்து போனது. அந்த மிடுக்கைப் பார்த்து நான் எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது அது இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றிருந்தது.

ஆசாரியை வரச்சொல்லி அலமாரித் தட்டுகளில் துளைகள் போட்டோம். அந்த மழைக்காலம் முழுக்க அது உள்ளே உறுமிக்கொண்டே இருந்தது. கரண்ட் பில் ஏறியது, நான் புலம்பினேன், ஆனால் நிறுத்தவில்லை. பட்டுப்புடவை மறுபடி வெதுவெதுத்தது. பனிக்காலம் முடிந்து கேசட்டுகளைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனேன். சில போயே போய்விட்டன. யானைக்குக் களி கொடுத்த கேசட் போய்விட்டது. பல பிழைத்தன.

சுத்தமாகி வந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டி சர்வரில் ஏற்றினோம். அவசரப்படாமல், எல்லாம் ஏறின பிறகு சேர்ந்து பார்க்கலாம் என்று சத்தத்தை அடைத்தே வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தோம். எதை முதலில் போடுவது என்று தெரியாமல் கைக்கு வந்த ஒன்றைப் போட்டேன்.

திரை முழுக்க வெள்ளை. கேசட் கெட்டுவிட்டது என்று நிறுத்தப் போனேன். அப்புறம் குரல் வந்தது. அவர் குரல். நான் ஞாபகம் வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் மெல்லிசாக, இளசாக.

"இப்ப நாம பாத்துட்டிருக்கறது கிளென்மார்கன். நேர் கீழ பவர் ஹவுஸ். அதுக்கு அந்தப் பக்கம் பூராவும் முதுமலைக் காடு. நல்லா உத்துப் பாத்தா யானைகூடத் தெரியும்."

ஒன்றும் தெரியவில்லை. கொட்டும் பனி. பனிக்குள் கேமராவை நீட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் மலை, அணை, ஆறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியே போகட்டும் என்றிருந்தது. அப்போது இன்னொரு குரல், ஒரு பெண் குரல், பக்கத்திலிருந்து எரிச்சலாக வந்தது. அது நான்தான் என்று தெரிய ஒரு கணம் பிடித்தது.

"ஒண்ணுமே தெரியலைங்க. தெரியாததுக்கு எதுக்கு இத்தன பேச்சு? கொஞ்சம் பேசாம எடுங்க."

"செரி செரி. இனிப் பேசல" என்றது அவர் குரல்.

டிவி முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பழைய சிரிப்பு. என் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு அவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பனியும் காற்றின் இரைச்சலும் மட்டும் இருந்தன. அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டவர், ஒரு வார்த்தையாவது என்னை மீறிப் பேசியிருக்க மாட்டாரா என்று அந்தக் கேசட் முடிகிறவரை காத்துக்கொண்டே இருந்தேன்.