நான் கும்ரோ காகிமா ஆன வருஷம்

பவானிபூர் சந்தையில் காய்க்காரர் இப்போதெல்லாம் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதே இல்லை. என்னைப் பார்த்ததும் ஒரு சாம்பல் பூசணியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, கீழே போட்டு உடைப்பதுபோல் பாவனை காட்டி, "பௌதி, சால்கும்ரோ?" என்று வங்காளியில் கேட்டுச் சிரிக்கிறார். அண்ணி, பூசணியா என்று அர்த்தம். பக்கத்துக் கடை மீன்காரரும் சேர்ந்துகொள்கிறார். இருபத்திமூன்று வருஷமாக அவரிடம்தான் கத்தரிக்காய் வாங்குகிறேன். நீ எந்த ஊர் என்று ஒரு நாளும் கேட்காத மனுஷன். நானும் பதிலுக்குச் சிரித்து வைத்தால் விஷயம் முடிந்துபோகும். சிரிக்க மாட்டேன். வெண்டைக்காயை நிறுத்து முடிக்கும்வரை முறைத்துக்கொண்டே நிற்பேன்.

போன வருஷம் முழுக்கவே இந்த ஊர் போனுக்குள்தான் குடியிருந்தது. ஜனவரியில் ஏதோ ஒரு தமிழ்ப் பாட்டு இங்கே பிடித்துக்கொண்டது. ஒரு வார்த்தைக்குப் பொருள் தெரியாது, ஆனால் எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டெஸ்பாட்ச் பிரிவு முதல் மேனேஜர் வரை இடுப்பை ஆட்டி ரீல்ஸ் போட்டார்கள். நீதான் சவுத் ஆச்சே, முன்னால் வந்து ஆடு என்றார்கள். ஆடத் தெரியாது என்றேன். திமிர் பிடித்தவள் என்று பெயரானது. கோடையில் எல்லோரும் தங்கள் மூஞ்சியைக் கார்ட்டூனாக்கிப் போட்டுக்கொண்டார்கள். மழைக்காலத்தில் ஒரு சீரியல் வில்லியின் வசனத்தைச் சொல்லியே டீ கேட்டார்கள். இதெல்லாம் வந்தது, போனது. நமக்கென்ன என்று இருந்தேன். அக்டோபரில் நானே போனுக்குள் போய் விழுவேன் என்று கண்டேனா?

என் மகள் நித்யா நியூ டவுனில் ஐ.டி. வேலைக்குப் போய் முதல் ஆறு மாதச் சம்பளத்தில் ஸ்கூட்டி வாங்கினாள். துர்கா பூஜையின் நவமி நாள்தான் நமக்கு ஆயுத பூஜை. விருதுநகரில் அப்பாவின் லேத் பட்டறையில், அன்று சாயங்காலம் எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைப்போம். தெருவில் பூசணி உடைபடாத முக்கே இருக்காது. யாராவது சைக்கிளோடு வழுக்கி விழுந்து ஏசிக்கொண்டு போவார்கள். அதைத் தவிர யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே. பெண் பிள்ளை, புது வண்டி, அந்த நியூ டவுன் ரோடு. பூசணியில் துளை போட்டுக் குங்குமமும் சில்லறையும் அடைத்து, மேலே கற்பூரம் ஏற்றி, ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு என்று வண்டியைச் சுற்றி, கேட்டுக்கு வெளியே ஓங்கிப் போட்டேன். தெருவெல்லாம் சிவப்பு. பந்தலுக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. ஒரு பெண் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வங்காளம் முழுக்க நான்தான். மாடியிலிருந்து எடுத்த வீடியோ. என் உச்சந்தலை, முதுகு, கையில் தீ, அப்புறம் சிவப்பு. பேய்ப்பட இசையைச் சேர்த்து, உடைகிற இடத்தை மூன்று தடவை திருப்பிப் போட்டிருந்தார்கள். 'கும்ரோ காகிமா', அதாவது பூசணிக்காய் சித்தி, என்று பெயரும் வைத்தாயிற்று. பிறகு என் கையிலிருந்த பூசணியை எடுத்துவிட்டுப் பரீட்சை மார்க்கை வைத்தார்கள், காதலன் தலையை வைத்தார்கள், தோற்ற ஃபுட்பால் டீமை வைத்தார்கள். முகம் தெரியாவிட்டாலும் எங்கள் தெருக்காரர்களுக்கு கேட்டைத் தெரியாதா? அபார்ட்மெண்ட் செக்ரட்டரி, ரிட்டயர்ட் புரொஃபசர், நேராக வீட்டுக்கு வந்து, இது என்ன தாந்திரீகமா, யார்மேல் ஏவினீர்கள் என்று விசாரித்தார். கண் படாமலிருக்க என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லையே என்றார். அதே நவமியன்று உங்கள் பூஜையில் இதே சால்கும்ரோவை வாளால் வெட்டிப் பலி கொடுக்கிறீர்களே என்று கேட்டேன். அது சாஸ்திரமாம். தெருவில் போட்டு உடைத்தால் மூடநம்பிக்கையாம். அட போய்யா என்று தமிழில் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சரி, நம்மவர்களாவது நமக்காகப் பேசுவார்கள் என்று கமெண்டுகளைத் தேடினேன். கற்பூரம் அணையுமுன் உடைத்தது தப்பு என்று ஒருத்தர். சுற்றிய திசையே தப்பு என்று இன்னொருத்தர். போன இடத்தில் ஊர் மானத்தை வாங்குகிறது பார் என்று மதுரைக்காரி ஒருத்தி. வங்காளிகள் சவுத்துக்கே திரும்பிப் போ என்கிறார்கள், சவுத்தில் இருப்பவர்கள் நீ எங்கள் ஆளே இல்லை என்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கரக்பூர் ரயில்வேயில் இருக்கும் என் வீட்டுக்காரர், விடு, நாலு நாளில் அடுத்த கோமாளி கிடைப்பான் என்றார். அந்த ஆறுதலுக்கு அவர் சும்மாவே இருந்திருக்கலாம்.

டிசம்பர் கடைசியில் வருஷத்தின் பத்து வீடியோ என்று எவனோ பட்டியல் போட்டான். அதில் எனக்கு மூன்றாம் இடம். மத்தியானச் சாப்பாட்டின்போது ஆபீஸ்காரி ஒருத்தி வாழ்த்துச் சொல்லி அதைக் காட்டினாள். இந்தத் தடவை பேய் இசை இல்லை. முதலில் எடுத்தது எடுத்தபடி, முழுசாக. பூசணி உடைந்த பிறகு, படம் எடுத்தவளின் சிரிப்பு கேட்கிறது. "மா, ஹோயே கேசே?" என்று கேட்கிறாள். ஆச்சா அம்மா என்று அர்த்தம். பந்தல் மேளச் சத்தத்தில் அன்று அது என் காதில் விழவில்லை. அந்தச் சிரிப்பு என் மகளுடையது. இத்தனை நாளும் எதிர் மாடிக்காரர்களைச் சபித்துக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

நித்யா ஆறரை மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் மட்டும்தான் போட்டாளாம். யாரோ எடுத்துப் பரப்பிவிட்டார்களாம்.

"முகம் தெரியலையே மா. அது நீன்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமேடி."

தலையைக் குனிந்துகொண்டாள். உன் ஆபீஸில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தபோது நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். அப்புறம், "நானும் சிரிச்சேன்" என்றாள்.

ஊர் சிரித்தது எனக்கு எரிச்சல்தான். இது வேறு. மூன்று மாதமாக என் மகள் என்னைத் தெரியாதவள் மாதிரி அங்கே உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து நான் போட்ட தோசையைத் தின்றிருக்கிறாள். அழித்துவிடுகிறேன் மா என்று அழுதாள். ஆயிரம் பேர் எடுத்து வைத்திருப்பதை இவள் எங்கே அழிப்பது? அழிக்க வேண்டாம், அந்தப் பட்டியலுக்குக் கீழே உன் சொந்தப் பெயரில் இது யார் என்று எழுது என்றேன். ஆபீஸில் எல்லோரும் பார்ப்பார்களே, என்ன நினைப்பார்கள் என்றாள். நினைக்கட்டும், என்னை நினைக்கவில்லையா என்றேன். போட்ட டீ ஆறி ஆடை கட்டியது. நான் எழுந்திருக்கவே இல்லை.

கடைசியில் எழுதினாள். வங்காளியில். எனக்கு அதைப் பேசத்தான் வரும், படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டு என்றேன். "உனி ஆமார் மா. வீடியோ ஆமி துலேசி." இவர் என் அம்மா, வீடியோ எடுத்தது நான். வாசிக்கும்போது அவள் குரல் உடைந்தது. எனக்குக் கோபம் இறங்கவில்லை. போனை வாங்கி அதன் கீழேயே தமிழில் அடித்தேன்: 'உடைத்தவள் நான். என் மகள்மேல் யார் கண்ணும் படக்கூடாது என்றுதான் உடைத்தேன். இனியும் உடைப்பேன்.'

நித்யா அந்த எழுத்துகளையே பார்த்தாள். தமிழ் எழுத்தில் அவளுக்குத் தன் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது.

"என்னம்மா எழுதியிருக்க?"

"தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேட்டுக்கோ" என்று போனை அவள் கையில் கொடுத்தேன்.