தன்வினை மனிதர்

லிப்ட் நிறுவனமொன்றின் கிடங்கில் பல ஆண்டுகள் பணியாற்றிய அவரை எல்லோரும் 'தானா' என்றே அழைத்தனர். அவருடைய உலகில் எந்தக் காரியத்துக்கும் அவர் எழுவாயாக இருந்ததில்லை. குவளை அவர் கையிலிருந்து விழுந்தால், "உடைஞ்சிருச்சு" என்பார். குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தால், "தொலைஞ்சு போச்சு" என்பார். மனைவியின் பிறந்தநாள் நினைவில்லாமற்போன அன்று, "மறந்து போச்சு" என்றார். யார் மறந்தது என்று அந்த அம்மாள் கேட்டதற்கும், "அதான், மறந்து போச்சு" என்றார். தன்வினை, பிறவினை இரண்டையும் எல்லோரும் பள்ளியில் படிக்கிறோம். தானா முதலாவதோடு நிறுத்திக்கொண்டவர்.

கிடங்கின் பொறுப்பு மனைவியின் தம்பிக்குக் கிடைத்தபோதுதான் அவருக்குக் கல்வியில் ஆர்வம் பிறந்தது. வீட்டில் "டேய் மச்சான்" என்று கூப்பிட்டவனை அலுவலகத்தில் "சார்" என்று அழைப்பதைவிட உயிரை விடலாம் என்று மனைவியிடம் புலம்பினார். அதையும் "உயிர் போயிரும்" என்றுதான் சொன்னார். மென்பொருள் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. லிப்டுக்குள் மாடி எண் காட்டும் பலகைக்கு நிரல் எழுதி ஓட்டிக் காட்டினால் அந்த இடம் அவருக்கு. இல்லையென்றால் மறுபடி கிடங்கு, மச்சானுக்குக் கீழே.

நிறுவனத்தின் பயிற்சி வகுப்பில் அவர் கற்க வந்தது 'சி' என்ற கணினி மொழி. அந்த மொழியில் எழுதியதை அப்படியே ஓட்ட முடியாது. கம்பைலர் என்னும் மென்பொருள் முதலில் அதை வாசிக்கும்; பிழை கண்டால் வரி எண்ணோடு சொல்லும்; பிழையில்லாவிட்டால் மட்டுமே இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும். தானா தொடக்கத்திலேயே, வரியின் முடிவில் வரவேண்டிய ஓர் அரைப்புள்ளியை விட்டார். திரை முழுவதும் பிழைச்செய்திகள். "பிழை வந்துருச்சு" என்று, விருந்தாளி வந்ததைப்போல அறிவித்துவிட்டு, கடைசிச் செய்தியிலிருந்து திருத்தத் தொடங்கினார். மாலைக்குள், சரியாக இருந்த வரிகளெல்லாம் பிழையாகிவிட்டன. விடுபட்ட அரைப்புள்ளி விடுபட்டபடியே இருந்தது. முதல் பிழையைச் சரிசெய்தால் மற்றவற்றுள் பாதி தானாகப் போய்விடும் என்று பயிற்றுநரான பெண்மணி பொறுமையாக விளக்கினார். தானாவின் மனதில் பதிந்தது 'தானாக' என்ற சொல் மட்டுந்தான்.

பிறகு வேறொரு கூத்து. நிரலைத் திருத்துவார், மறுபடி கம்பைல் செய்யாமல் பழையதையே ஓட்டுவார். எவ்வளவு மாற்றினாலும் மாற மறுக்கிறது என்று கணினியின்மீது புகார் சொல்லி, வேறு கணினி வாங்கிக்கொண்டார். பழைய நிரலும் அவரோடு அங்கே குடிபெயர்ந்தது.

பிழைகள் ஒருவழியாக ஓய்ந்ததும் எச்சரிக்கைகள் எஞ்சின. கம்பைலர் எச்சரிக்கும், ஆனால் தடுக்காது. அவற்றை வாசிப்பதைவிட வாயடைப்பது எளிது என்று தானா கண்டுபிடித்தார். கட்டளையில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் அத்தனையும் மறைந்துவிடும். பிறர் தூண்டுதல் ஏதுமின்றி அவர் தாமே முயன்று செய்த காரியம் அது ஒன்றுதான். திரை பளிச்சென்று ஆயிற்று. அன்று வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மச்சானின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்.

சோதனை ஒரு புதுக்கட்டடத்தில் நடந்தது. மென்பொருள் பிரிவின் மேலாளர், பயிற்றுநர், கட்டட உரிமையாளர், தானா ஆகிய நால்வரும் லிப்டில் ஏறினர். கதவு மூடியது. இருபத்தாறாயிரத்துச் சொச்சமாவது மாடியில் நிற்பதாகப் பலகை காட்டியது.

"நான் நாலு மாடிதாங்க கட்டினேன்" என்றார் உரிமையாளர், பணிவாக.

தம் மேசைக் கணினியில் எல்லாம் சரியாகவே வந்ததாகத் தானா முணுமுணுத்தார். பயிற்றுநர் மடிக்கணினியைத் திறந்து, எச்சரிக்கைகளுக்கு வாயைத் திரும்பக் கொடுத்து, மறுபடி கம்பைல் செய்தார். மாடி எண்ணுக்குத் தொடக்க மதிப்பு தரவில்லை என்றது முதல் எச்சரிக்கை. மதிப்பு தராவிட்டால், நினைவகத்தின் அந்த மூலையில் என்ன குப்பை கிடக்கிறதோ அதுவே மாடியாகும். தானாவின் மேசையில் தற்செயலாகப் பூச்சியம் கிடந்திருக்கிறது. ஒரு வரியில் கோளாறு தீர்ந்தது. திருத்திய நிரலை ஏற்றி லிப்டைக் கிளப்பியதும் பலகை ஒழுங்காக எண்ணத் தொடங்கியது. புதிதாகக் கற்கும் எவரும் செய்யும் தவறுதான் என்று பயிற்றுநர் பரிந்து பேசினார். மேலாளரும் தலையசைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில்.

"இந்த எச்சரிக்கையெல்லாம் இவ்வளவு நாளா எங்க போச்சு?"

"அணைஞ்சிருந்துச்சு சார்."

"அணைஞ்சுதா, அணைச்சீங்களா?"

லிப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டியது. "அணைச்சேன்" என்று சொன்னால் போதும், இடம் அவருக்குத்தான். மேலாளரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பயிற்றுநர் அந்தச் சொல்லை உதட்டசைவால் ஊட்டியே விட்டார். தானா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வாழ்க்கையிலேயே முதன்முறையாகச் செந்தமிழில் பேசினார்.

"அணைக்கப்பட்டிருக்கலாம் சார்."

செயப்பாட்டுவினையை இத்தனை சுத்தமாக அந்த நிறுவனத்தில் எவரும் அதற்குமுன் உச்சரித்ததில்லை. மேலாளர் கீழ்த்தளத்துக்கான பொத்தானை அழுத்தினார்.

அடுத்த வாரம் தானா கிடங்கில் நின்றார். மேசைக்குப் பின்னால் மச்சான், அவன் முன்னால் அலமாரிச் சாவி. இரும்புக் கயிறு கேட்டு வந்தவர்கள் வாசலில் காத்திருந்தனர். தானா இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். வரவேண்டிய அந்த 'சார்' மட்டும் வரவில்லை.

"சாவி வேணும்" என்று எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மச்சான் தலையை நிமிர்த்தவே இல்லை.

"சுவர்கிட்ட சாவி இல்லை அத்தான்."