அறுநூறு கார் மேய்த்தவர்

ஆடு மேய்க்கிறவர் உண்டு, மாடு மேய்க்கிறவர் உண்டு. கார் மேய்க்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். மின்சாரக் கார் தொழிற்சாலையின் பின்பக்க மைதானத்தில்தான் அவருக்கு வேலை. காலை எட்டு மணிக்கு வருவார். முதல் வரிசையில் நிற்கும் முதல் காரில் ஏறுவார், மைதானத்தை இரண்டு சுற்று சுற்றுவார், கிளம்பிய அதே கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவார், இறங்கி அடுத்த காரில் ஏறுவார். ஒரு நாளைக்கு நூறு கார். இத்தனை காரை ஓட்டியும் மனிதர் ஒரு நாளும் கேட்டைத் தாண்டியதில்லை. தொழிற்சாலையில் எல்லோரும் அவரை "மேய்ச்சல்" என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு அவர் வருவது ஒரு பழைய ஸ்கூட்டரில்.

புதுக் காரை எதற்கப்பா மேய்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கார் முழுசாகச் செய்து முடிந்துவிட்டது. சார்ஜ் ஏற்றும் இடத்தை மூடுகிற மூடி மட்டும் வரவில்லை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூடி செய்யும் கம்பெனிக்கு ஸ்பிரிங் வரவில்லையாம். ஸ்பிரிங் செய்கிறவருக்குக் கம்பி வரவில்லையாம். கம்பிக்காரருக்கு என்ன வரவில்லை என்று கேட்கப் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை. மூடி இல்லாத காரை வெளியே விடக்கூடாது என்பது விதி. யானை முழுசும் வாசலைத் தாண்டிவிட்டது, வால் மாட்டிக்கொண்டது. மூடி நாளுக்கு ஐந்தோ ஏழோதான் வரும், அத்தனை கார்தான் வெளியே போகும். அப்படி மாட்டிக்கொண்டவை அறுநூறு. நின்ற இடத்திலேயே நின்றால் டயர் ஒரு பக்கம் சப்பையாகிவிடும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் ஓட்டி நிறுத்த வேண்டும். அதற்குத்தான் மேய்ச்சல்.

இதுவரைக்கும் வேடிக்கைதான். ஆனால் அந்த அறுநூறில் ஒரு நீலக் கார், நானூற்றுப் பதினேழாம் எண், அவருடைய மாமனாருடையது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மாமனார் எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தார். மூத்த மாப்பிள்ளை வேறு கம்பெனிக் காரை வாங்கச் சொன்னதற்கு, "என் சின்ன மாப்ள அங்கயே வேலை பாக்கறார், அவர் சொன்னா சரியா இருக்கும்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர். நம் ஆளுக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. வாய் சும்மா இருந்ததா? "மூணே வாரம், மாமா. நான் சொன்னா சொன்னதுதான்" என்றார். அதை நம்பி மாமனார் அன்றைக்கே பழைய காரை விற்றார். காரில்லாமல் அந்தக் கோடியில் எப்படி இருப்பது? மூன்று வாரம்தானே என்று ஒரு பெட்டியோடு மகள் வீட்டுக்கு வந்தார். வந்து ஐந்து மாதம் ஆகிறது.

பெட்டியில் துணி பாதி. மீதி ஒரு சின்னத் தராசும் எடைக்கற்களும். வந்த முதல் வாரமே தெருமுனைக் கடையில் வாங்கிய சர்க்கரைப் பொட்டலத்தில் பதினொரு கிராம் குறைவு என்று கண்டுபிடித்து, தராசோடு கடைக்கே போய் நிறுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு கடைக்காரர் அவர் தலையைக் கண்டாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். குளியலறைக் குழாயில் நிமிஷத்துக்கு நாற்பத்துமூன்று சொட்டு ஒழுகுகிறது என்று எண்ணிச் சொன்னார். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தால், வேகமானியை எட்டிப் பார்த்து, "முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது... மாப்ள, நாப்பது!" என்று காதில் அறிவித்துக்கொண்டே வருவார். மேய்ச்சல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததும் ஒரு கேள்வி வரும்.

"மாப்ள, இன்னிக்கு எத்தனை வண்டி வெளிய போச்சு?"

"ஏழு, மாமா."

"நம்ம வண்டி?"

"வந்துடும், மாமா."

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் மாமனார் ஏழு என்று எழுதுவார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல மாட்டார். அதுதான் நம் ஆளைக் கொன்றது. திட்டினால் பதிலுக்கு முறைத்துக்கொள்ளலாம், நம்புகிறவரை என்ன செய்வது? எப்படியாவது அந்தக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்த வேண்டும். வாக்கும் காப்பாற்றப்படும், வீடும் வீடாகும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அப்போது பார்த்து தொழிற்சாலையில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. மூடி மட்டுமா தட்டுப்பாடு? ஒரு நாள் கண்ணாடி வராது, ஒரு நாள் சீட் வராது. மேலிடத்துக்கு வேண்டியவர் கார் கேட்டு வந்து நின்றால், மைதானத்தில் நிற்கும் காரிலிருந்து கழற்றி அதில் மாட்டிவிடுவார்கள். இதற்கு "கைமாத்து" என்று பெயர். ஒரு புதன்கிழமை மேய்ச்சல் நீலக் காரில் ஏறினால், வைப்பர் ஒன்றைக் காணோம். அதற்குப் பக்கத்துக் காரில் ஸ்டீயரிங்கையே காணோம். அதை எப்படி மேய்ப்பது என்று புரியாமல் அதன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"அடப்பாவிகளா, இப்படியே போனா மாமாவுக்குச் சாவி மட்டும்தான் மிஞ்சும்!"

அங்கேதான் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம். மைதானத்தில் காரின் முன்கண்ணாடியில் தாள் ஒட்டுவார்கள். மஞ்சள் என்றால் பாகம் பாக்கி, பச்சை என்றால் தயார். அபூர்வமாய்ச் சில கார்களில் சிவப்பு இருக்கும். சிவப்பு ஒட்டிய காரில் ஒருவரும் கை வைப்பதில்லை, ஒரு ஆணிகூடக் கழற்றுவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். ஏன் கை வைப்பதில்லை என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. ஆறு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர், போய்க் கேட்டால் மரியாதை என்ன ஆவது? தாள்கள் கிடந்த மேஜையிலிருந்து ஒரு சிவப்புத் தாளை எடுத்து நீலக் காரில் அழுத்தி ஒட்டிவிட்டு, நிம்மதியாகச் சீட்டியடித்துக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை அந்த வரிசைக்கு வந்தபோது நீலக் கார் நின்ற கோடு காலியாக இருந்தது.

"இங்க நின்ன நீல வண்டி எங்கப்பா?" என்று காவலாளியைக் கேட்டார்.

"சிவப்பு ஒட்டினதா? சுவத்துக்குப் போயிடுச்சு."

"எந்தச் சுவத்துக்கு?"

"என்ன மேய்ச்சல், தெரியாத மாதிரி கேக்கறே? சுவத்துல மோத விட்டு, உள்ள இருக்கறவன் பொழைப்பானா மாட்டானான்னு பாப்பாங்களே. சிவப்புன்னா அதானே!"

சுவர் சோதனைக் கொட்டகை மைதானத்தின் அந்தக் கடைசியில். சுற்றிலும் அத்தனை கார் நின்றும் ஒன்றில் ஏறிப் போகலாம் என்று மேய்ச்சலுக்குத் தோன்றவில்லை. பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினார். இத்தனை நாள் கார் மட்டுமே ஓடிய மைதானத்தில் அன்றைக்குத்தான் ஒரு மனிதர் ஓடினார். "மேய்ச்சல் கயித்தை அறுத்துக்கிச்சுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

கொட்டகைக்குள் நீலக் கார் தண்டவாளத்தின் மேல் நின்றது, எதிரே கான்கிரீட் சுவர். காருக்குள் நான்கு ரப்பர் பொம்மைகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. பின்சீட்டில் இருந்த பொம்மை வேகமானியை எட்டிப் பார்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நிறுத்துங்கம்மா! மோத விட்டுடாதீங்க!"

சோதனைக்குப் பொறுப்பான பொறியாளர் அம்மா நாற்காலியில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க மோத விடறது?" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார். "நாலு நாளா சும்மா நிக்குது இந்தச் சனியன்! சோதனைன்னா வண்டி முழுசா இருக்கணும். வைப்பரைக் கேட்டு வாங்கி மாட்டிட்டேன். மூடி எங்கய்யா? மூடி இல்லாம மோதினா கணக்குல சேராதாம். சுவர் தயார், பொம்மை தயார், மூடியைக் காணோம்!"

ஐந்து மாதமாக எந்த மூடியைச் சபித்தாரோ, அந்த மூடி வராததுதான் காரைக் காப்பாற்றியிருக்கிறது. நம் ஆள் கைகூப்பி, தாள் ஒட்டியது தான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் திட்டினார். "பொம்மைங்களை நீயே இறக்கி, முகம் துடைச்சு, அலமாரில வச்சுட்டு வண்டியை எடுத்துட்டுப் போ" என்றார். ஒவ்வொரு பொம்மையும் ஒரு ஆள் கனம். பின்சீட்டுப் பொம்மையை இறக்கும்போது மட்டும் அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

காரைக் கோட்டில் நிறுத்திவிட்டு நேரே டெலிவரி அலுவலகத்துக்குப் போனார். அங்கே போனில் பதில் சொல்லும் அம்மாவுக்கு "அடுத்த வாரம் அக்கா" என்று பெயர். யார் எப்போது கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது.

"அக்கா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். அடுத்த மூடி நானூத்திப் பதினேழுக்குக் குடுத்துடுங்க. எங்க மாமனாருது."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அவர் உன் மாமனாரா? தங்கமான மனுஷன்யா. மத்தவங்க எல்லாம் போன்ல என் ஏழு தலைமுறையையும் இழுக்கறாங்க. அவர் ஒருத்தர்தான் என் முதுகுவலி எப்படி இருக்குன்னு கேக்கறவர்."

"சரிக்கா, அப்ப அவருக்கு ஒரு மூடி..."

"குடுக்காமலா இருந்தேன்? இதுவரைக்கும் ஆறு தடவை அவர் முறை வந்துச்சு. ஆறு தடவையும், 'எனக்கு அவசரமில்லம்மா, பின்னால இருக்கறவங்களுக்குக் குடுங்க'ன்னுட்டார்."

மேய்ச்சல் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன்னு ஒரு தடவை கேட்டேன்," என்றார் அக்கா. "'வண்டி வந்துட்டா நான் வீட்டுக்குக் கிளம்பணுமேம்மா. அங்க பேச்சுத் துணைக்கு யாரும் இல்ல'ன்னார். இதோ, ஏழாவது முறை. இன்னிக்கு வந்த மூடில ஒண்ணு அவருது. இப்பதான் போன் பண்ணலாம்னு எடுத்தேன். வேண்டாம்னுதான் சொல்வார்."

"பண்ணாதீங்கக்கா," என்றார் மேய்ச்சல். "நானே சொல்லிக்கறேன்."

சாயங்காலம் வீட்டில் மாமனார் சாப்பாட்டு மேஜையின் காலுக்கடியில் அட்டை வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. இன்னிக்கு எத்தனை வண்டி?"

"மாமா, நம்ம வண்டி வந்துடுச்சு. சனிக்கிழமை எடுத்துக்கலாம்."

மாமனார் எழுந்தார். "அப்படியா? பாத்தீங்களா, நீங்க சொன்னா சொன்னதுதான்" என்று சிரித்தார். சிரிப்பு சரியாக இல்லை. எடைக்கற்களை எடுத்துத் துடைத்து, பெரியது முதல் சிறியது வரை பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை நம் ஆளுக்கு. இந்த மனுஷன் போகட்டும் போகட்டும் என்று ஐந்து மாதம் நாள் எண்ணினோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"மாமா, ஒரு விஷயம். வண்டியை நிறுத்தியே வச்சா டயர் சப்பையாயிடும்."

"தெரியுமே. வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டினாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அறுநூறு வண்டி இருக்கறப்ப, மாமா. ஒரே வண்டின்னா தினமும் ஓட்டணும்."

"எவ்வளவு தூரம் ஓட்டணும்?"

மேய்ச்சல் யோசிக்கிற மாதிரி கூரையைப் பார்த்தார். "உங்க வீட்ல இருந்து நம்ம வீடு வரைக்கும். வந்து, சாப்டுட்டு, திரும்பிப் போனா டயருக்குச் சரியா இருக்கும்."

மாமனார் அவரையே பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் பொய்த் தராசுகளைப் பிடித்தவருக்கு இது தெரியாதா? கையில் இருந்த எடைக்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போக வர பதினாலு கிலோமீட்டர்," என்றார் கடைசியில். "டயருக்காகச் செய்யத்தான் வேணும்."

சனிக்கிழமை சாயங்காலம் நீலக் கார் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தது. மகள் கதவைத் திறந்தாள்.

"என்னப்பா, நேத்துதானே போனீங்க?"

"டயரும்மா," என்றார் அவர், ரொம்பக் கவலையோடு குனிந்து நான்கு டயரையும் பார்த்தபடி. அவர் கக்கத்தில் தராசுப் பெட்டி இருந்தது. தெருமுனையில் கடைக்காரர் ஷட்டரை முழுசாக இறக்கும் சத்தம் கேட்டது.